மனச்சோர்வு ஒரு நோயா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மனச்சோர்வு பற்றிப் பேச்செடுத்தால் வெவ்வேறு ஆட்களிடமிருந்து ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு. மருந்துப் பெயர்கள் விஷயம் புரிவதற்காக மட்டுமே. தானாக வாங்கிச் சாப்பிடுவதற்கு அல்ல. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது இருப்பவர்கள் மற்றதை விட்டுவிட்டு நேராக 16ஆம் கேள்விக்குப் போகவும்.

1. "ஸ்ட்ரெஸ், மன அழுத்தம், டிப்ரஷன் எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. தமிழில் இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் சொல்தான். 'மன அழுத்தம்' என்பதை இரண்டுக்குமே எழுதிவிடுகிறார்கள். இங்கே ஸ்ட்ரெஸுக்கு மன அழுத்தம், டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வோம்.

மன அழுத்தம், வெளியிலிருந்து வரும் சுமைக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை. தேர்வு முடிந்தால், கடன் அடைந்தால் தணிந்துவிடும். மனச்சோர்வு சுமை போன பிறகும் தங்கும். சுமையே இல்லாமலும் வரும். நீண்ட நாள் அழுத்தம் மனச்சோர்வில் கொண்டுபோய் விடுவதும் உண்டு.

2. "எல்லாருக்கும்தான் சோகம் வருது. இதை எப்படி நோய்னு சொல்றீங்க?"

சோகம் இந்த நோயின் ஒரு அறிகுறி மட்டுமே. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஒன்பது அறிகுறிகளைக் கணக்கிடுகிறது. முதல் இரண்டு முக்கியமானவை: மனம் தாழ்ந்தே கிடப்பது, எதிலும் நாட்டமோ இன்பமோ இல்லாமல் போவது. மற்றவை: பசியோ எடையோ கூடுவது அல்லது குறைவது, தூக்கம் கெடுவது, பிறர் கண்ணுக்கே தெரியும் அளவு பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, களைப்பு, தன்னைப் பயனற்றவராகவோ குற்றவாளியாகவோ நினைப்பது, கவனமும் முடிவெடுக்கும் திறனும் குறைவது, சாவைப் பற்றிய எண்ணங்கள்.

இவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம். ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி, குறைந்தது இரண்டு வாரம் நீடிக்க வேண்டும். அதனால் வேலையோ படிப்போ உறவோ கெட்டிருக்கவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையும் ஏறக்குறைய இதேதான்; நம்பிக்கையின்மையைப் பத்தாவது அறிகுறியாகச் சேர்த்துக்கொள்கிறது.

3. "எனக்கு அழுகையே வரலை. எதுவும் பிடிக்கலை, அவ்வளவுதான். அதுவும் இதுதானா?"

இருக்கலாம். மேலே சொன்ன முதல் இரண்டில் ஒன்று போதும் என்பதால், சோகமே இல்லாத மனச்சோர்வு உண்டு. "அழக்கூட முடியலை, உள்ளே மரத்துப்போச்சு" என்று சொல்பவர்கள் பலர். பதின்வயதினரிடம் சோகத்துக்குப் பதில் எரிச்சல் முன்னே நிற்கலாம். வேறு சிலர் தலைவலி, முதுகுவலி, வயிற்றுக் கோளாறு என்று மருத்துவர் மாற்றி மருத்துவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்; மனசைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தூக்கமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கெடுவதில்லை. சிலருக்கு வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்பே விழிப்பு வந்து, காலைப்பொழுதுதான் மிக மோசமாக இருக்கும். சிலரோ பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தூங்கி, அதிகம் சாப்பிடுவார்கள். "நல்லாத் தூங்குறான், நல்லாச் சாப்பிடுறான்" என்பதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட முடியாது.

4. "ரத்தப் பரிசோதனையிலயோ ஸ்கேன்லயோ தெரியுமா?"

தெரியாது. மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி இந்த நோயாளிகளில் சராசரியாகச் சற்றுச் சிறியதாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது பெருங்கூட்டத்தின் சராசரி. ஒருவருடைய ஸ்கேனைப் பார்த்து இருக்கிறது, இல்லை என்று சொல்ல அது உதவாது.

பிறகு ஏன் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார்கள்? மனச்சோர்வு போலவே தோன்றும் வேறு கோளாறுகளை ஒதுக்குவதற்கு. தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு, சர்க்கரை ஆகியவற்றைப் பொதுவாகப் பார்ப்பார்கள். ஸ்டீராய்டு, இன்டர்ஃபெரான் போன்ற மருந்துகளும் மனநிலையைத் தாழ்த்தக்கூடும். அதனால் எடுத்துக்கொள்ளும் மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள், கடையில் நீங்களே வாங்கியவை உட்பட.

5. "மூளையில செரட்டோனின் குறைஞ்சுபோறதாலதான் வருதாமே?"

அப்படித்தான் பல காலம் சொல்லப்பட்டது. 1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் என்ற மருந்து சில நோயாளிகளின் மனநிலையைத் தூக்கிவிட்டது. அது செரட்டோனின் போன்ற வேதிப்பொருட்கள் சிதையாமல் தடுக்கிறது என்று தெரிந்ததும், அவை குறைவதுதான் நோய் என்ற முடிவுக்கு வந்தார்கள். கணக்கு அவ்வளவு நேரானதல்ல. மாத்திரை சில மணி நேரத்திலேயே செரட்டோனின் மீது வேலையைத் தொடங்கிவிடுகிறது. மனநிலை மாற வாரக்கணக்கில் ஆகிறது. மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரட்டோனின் குறைவு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே 2022இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் சொன்னது.

உடனே "அப்போ மாத்திரை எல்லாம் பொய்" என்று தாவ வேண்டாம். நோய் எப்படி வருகிறது என்பது ஒரு கேள்வி, மருந்து கேட்கிறதா என்பது வேறு கேள்வி. 2018இல் 522 ஆய்வுகளைத் தொகுத்து 21 மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அத்தனையும், ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரையை முந்தின. முந்தியது மலையளவு அல்ல. சராசரியில் மிதமான வித்தியாசம்தான்.

6. "எல்லா வசதியும் இருக்கு, ஒரு குறையும் இல்லை. இவங்களுக்கு எதுக்கு டிப்ரஷன்?"

இதன் மறுபக்கமும் அதே அளவு வருகிறது: "வேலை போச்சு, சோகமாத்தான் இருக்கும், இதுக்கு எதுக்கு டாக்டர்?" இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். நோயா இல்லையா என்பதைக் காரணம் தீர்மானிப்பதில்லை. 2ஆம் பதிலில் உள்ள அறிகுறிகளும் நாட்களும் முடக்கமும்தான் தீர்மானிக்கின்றன. மழையில் வழுக்கிக் கால் முறிந்தவரிடம், "மழைன்னா வழுக்கத்தானே செய்யும்" என்று சொல்லிக் கட்டுப்போடாமல் அனுப்புவதில்லை.

மரபுக்குப் பங்கு உண்டு. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள் அதை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்கின்றன. தனியாக 'மனச்சோர்வு மரபணு' என்று ஒன்று கிடையாது. சிறுசிறு விளைவுள்ள பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. சிறுவயதில் பட்ட கொடுமை, இழப்பு, நாள்பட்ட நோய், பிரசவம், குடி ஆகியவை மீதிப் பங்கில் வருகின்றன.

நெருங்கியவரை இழந்த துக்கம் தனி விஷயம். அது அலையலையாக வரும். நடுவே பழைய நினைவில் சிரிக்கவும் முடியும். "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் பெரும்பாலும் இருக்காது. மனச்சோர்வில் இடைவெளியே இருக்காது, வெறுப்பு தன்மீதே திரும்பும். இரண்டும் ஒன்றாக வரவும் கூடும். முன்பெல்லாம் இறப்பு நடந்து இரண்டு மாதத்துக்குள் என்றால் பொதுவாக மனச்சோர்வு என்று கணக்கிட மாட்டார்கள். அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு அந்த விலக்கை எடுத்துவிட்டது.

7. "சோம்பேறித்தனத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? வீட்ல நாங்க என்ன பண்ணணும்?"

சோம்பேறி வேலையைத் தவிர்ப்பார். பிடித்ததைத் தவிர்க்க மாட்டார். மனச்சோர்வில் பிடித்ததும் சேர்ந்தே போய்விடும். குளிப்பது, ஒரு செய்திக்குப் பதில் போடுவது கூட மலையேற்றமாக இருக்கும். "நான்தான் சோம்பேறி, நோயெல்லாம் இல்லை" என்று நோயாளியே சொல்வார். தன்னைப் பழிப்பதும் அறிகுறிப் பட்டியலில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

"தைரியமா இரு", "மனசைத் திடப்படுத்திக்கோ" என்பவை உதவாது. தன்னால் முடியவில்லை என்ற குற்ற உணர்வைத்தான் கூட்டும். மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள், கூடப் போங்கள், முதல் சில வாரம் மாத்திரை நேரத்தைக் கவனியுங்கள். "வெளியே போ" என்பதைவிட "வா, பத்து நிமிஷம் நடந்துட்டு வரலாம்" மேல். வேலையை விடுவது, வீட்டை விற்பது, மணமுறிவு போன்ற பெரிய முடிவுகளை முடிந்தவரை தள்ளிப்போடச் செய்யுங்கள்.

8. "ஒன்பது கேள்வி டெஸ்ட் ஒண்ணு போட்டுப் பார்த்தேன். 14 வந்தது. பயப்படணுமா?"

அது பெரும்பாலும் பி.எச்.க்யூ-9 ஆக இருக்கும். கடந்த இரண்டு வாரத்தை வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை மிதமானது, 15 முதல் 19 வரை சற்றுக் கடுமையானது, 20 முதல் கடுமையானது. 10ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் இது சல்லடை மட்டுமே. தைராய்டுக் குறைவு உள்ளவரும் 14 வாங்கலாம்.

இரண்டு விஷயம். ஒன்பதாவது கேள்வி, செத்தால் தேவலை என்ற எண்ணத்தைப் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அதைத் தனியாகப் பேசியாக வேண்டும். அடுத்தது, இந்தத் தாளின் நிஜப் பயன் சிகிச்சை தொடங்கிய பிறகுதான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். மதிப்பெண் பாதியானால் சிகிச்சை வேலை செய்கிறது. 5க்குக் கீழே போனால் நோய் தணிந்துவிட்டது.

9. "யாரைப் பார்க்கிறது? சைக்கியாட்ரிஸ்டா, சைக்காலஜிஸ்டா?"

சைக்கியாட்ரிஸ்ட் மனநல மருத்துவர், மருந்து எழுதுவார். சைக்காலஜிஸ்ட் உளவியலாளர்; பேச்சு வழிச் சிகிச்சை தருவார். லேசானதையும் மிதமானதையும் பொது மருத்துவரே தொடங்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம், காதில் குரல் கேட்பது, சாப்பாடு தண்ணீரை நிறுத்திவிடுவது, முன்பு அளவுமீறிய உற்சாகக் காலம் இருந்தது, பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள் என்றால் நேராக மனநல மருத்துவரிடம் போங்கள்.

எப்போது தொடங்கியது, முன்பு வந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, குடிப்பழக்கம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. அந்த அறையில் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். ஞாபகம் மங்குவதும் இந்த நோயின் வேலைதான்.

10. "மாத்திரை இல்லாம சரிபண்ண முடியாதா?"

லேசானதாக இருந்தால் முடியும். பெரும்பாலும் அதுதான் முதல் வழியும்கூட. 1960களில் ஆரோன் பெக் உருவாக்கிய அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல சான்று உண்டு. வாரம் ஒருமுறை, 8 முதல் 16 அமர்வு வரை போகும். அதில் ஆறுதல் சொல்ல மாட்டார்கள். "அவர் போனை எடுக்கலை, என்னை ஒதுக்குறார்" போன்ற எண்ணத்தை எழுதச் சொல்லி, அதற்கு என்ன ஆதாரம், எதிர் ஆதாரம் என்ன என்று தோண்டுவார்கள். வீட்டுப்பாடமும் உண்டு, அதைச் செய்யாதவர்களுக்குப் பலன் குறைவு.

இதிலேயே எளிய பகுதி, செயலைத் தூண்டும் முறை. மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருந்தால் மனம் வராது. செய்தால்தான் பின்னாலேயே மனம் வரும். நாளுக்கு ஒன்றிரண்டு சிறு வேலையை நேரம் குறித்துச் செய்து, முன்னும் பின்னும் மனநிலைக்கு 10க்கு மதிப்பெண் போடுவார்கள். உடற்பயிற்சிக்கும் இதே தத்துவம்: வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம், மூச்சு வாங்கும் அளவு. கடுமையான மனச்சோர்வில் இவை மட்டும் போதாது. மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேரும்போதுதான் தனித்தனியைவிட நன்றாக வேலை செய்கின்றன.

11. "மாத்திரை ஆரம்பிச்சுப் பத்து நாளாச்சு. குமட்டுது, மனசும் மாறலை. நிறுத்திடலாமா?"

நிறுத்த வேண்டாம். அதிகம் பேர் விட்டுவிடுவது சரியாக இந்த இடத்தில்தான். செரட்டோனின் மீது வேலை செய்யும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளில் (செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், ஃப்ளூவாக்செடின்) பக்கவிளைவு முதல் நாளே வரும். பலன் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தொடங்கும். முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம். ஆக முதல் பத்து நாளில் கையில் இருப்பது பக்கவிளைவு மட்டுமே.

குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, படபடப்பு ஆகியவை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். சாப்பாட்டுடன் எடுத்தால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலையில் எடுக்கலாம். பாதி அளவில் தொடங்கி ஏற்றுவதும் இதற்காகத்தான். தாங்க முடியாத பரபரப்பு, உடல் நடுக்கத்துடன் காய்ச்சல், சாகும் எண்ணம் கூடுவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

12. "இதுக்கு அடிமை ஆயிடுவோமா? நிறுத்தவே முடியாதுன்னு சொல்றாங்க."

மது, அபின் போல இதற்கு ஏங்குவதோ, போதைக்காக அளவை ஏற்றிக்கொண்டே போவதோ இல்லை. அந்தப் பொருளில் அடிமை அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடல் எதிர்ப்பைக் காட்டும்: தலைசுற்றல், எரிச்சல், விசித்திரக் கனவு, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற சுரீர். பராக்செடின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றில் இது அதிகம். உடலில் நெடுநாள் தங்கும் ஃப்ளூவாக்செடினில் குறைவு. இதை மருத்துவர்களே வெகுகாலம் குறைத்துச் சொல்லிவந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதனால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், சிலருக்கு மாதக்கணக்கில். மருந்தைப் பாதியாக்கினால் மூளையில் அதன் பிடி பாதியாவதில்லை. கடைசிச் சில மில்லிகிராமில்தான் சட்டென்று விடும். எனவே கடைசிப் படிகள் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். நிறுத்திய சில நாளில் தலைசுற்றலும் சுரீரும் வந்தால் அது விலகல் அறிகுறி. வாரங்கள் கழித்துப் பழைய அறிகுறிகள் மெல்லத் திரும்பினால் அது நோய்.

13. "நல்லாயிட்டேன். இன்னும் எதுக்கு மாத்திரை?"

நன்றான நாளிலிருந்து கணக்கிட்டுக் குறைந்தது ஆறு மாதம், அதே அளவில். முன்பே ஓரிரு முறை வந்திருந்தால் இரண்டு ஆண்டு வரை சொல்வார்கள். முதல் சில மாதங்களில் நிறுத்துபவர்களுக்குத்தான் நோய் அதிகம் திரும்புகிறது.

14. "கேட்கவே கூச்சமா இருக்கு. மாத்திரைக்கு அப்புறம் தாம்பத்தியத்துல ஆசையே போயிடுச்சு."

எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளில் இது சகஜம். கேட்காததால்தான் அரிதுபோலத் தோன்றுகிறது. நோயே ஆசையைக் குறைத்திருக்கலாம் என்பதால், மாத்திரைக்கு முன் எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், அல்லது இந்தத் தொல்லை குறைவான புப்ரோப்பியான், மிர்டாஸபின் போன்றவற்றுக்கு மாறலாம் (மிர்டாஸபினில் எடை கூடும், தூக்கம் வரும்). மருத்துவரிடம் சொல்லாமல் நீங்களே மாத்திரையைத் தாவித் தாவிச் சாப்பிடுவது மட்டும் வேண்டாம்.

15. "குழந்தை பிறந்து ஒரு மாசமாச்சு. இன்னும் அழுதுகிட்டே இருக்கா. எல்லாருக்கும் வர்றதுதானே?"

எல்லோருக்கும் வருவது இரண்டு வாரத்தில் போய்விடும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உச்சத்தில் இருக்கும். ஒரு மாதம் என்றால் காத்திருக்கக் கூடாது. பாலூட்டும்போது கொடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் செர்ட்ராலினைப் பலர் முதலில் தேர்கிறார்கள். தாய்க்குத் தூக்கமே தேவைப்படாமல் போவது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது, குரல் கேட்பது என்றால் அது வேறு நோய். அவசரசிகிச்சைப் பிரிவுக்கு அன்றே கொண்டுபோக வேண்டும்.

16. "செத்துடலாம் போலன்னு சொல்றாங்க. கேட்டா நாமளே எண்ணத்தைத் தூண்டிவிட்ட மாதிரி ஆயிடாதா?"

ஆகாது. நேரடியாகக் கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பலருக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே பாரத்தை இறக்குகிறது. சுற்றி வளைக்காமல், "உயிரை விட்டுடணும்னு நினைக்கிறியா?" என்றே கேளுங்கள். ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா என்பவை அடுத்த கேள்விகள். திட்டம் இருந்தால் தனியே விடாதீர்கள். அவசரசிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சேர்த்துவைத்த மாத்திரைகளையும் மற்ற ஆபத்தான பொருட்களையும் வீட்டைவிட்டே அகற்றுங்கள். உந்துதல் பல நேரம் குறுகிய நேரமே நிற்கும். அப்போது கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது.

சிகிச்சையின் முதல் வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். மனநிலை தெளியும் முன்பே செயல்படும் தெம்பு திரும்பிவிடலாம். இளவயதினருக்கு ஆரம்பத்தில் இந்த எண்ணம் கூடலாம் என்பதால், அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் இம்மருந்துகளுக்குக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்து, 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. மருந்தைத் தவிர்க்க அல்ல, வாரந்தோறும் பார்க்கத்தான் இது.

இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், இப்போதே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் உங்கள் பகுதி உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். இந்த எண்ணம் நோயின் அறிகுறி; நோய் தணியும்போது அதுவும் தணியும்.

17. "ரெண்டு மாசம் ஒழுங்காச் சாப்பிட்டும் மாத்திரை கேட்கலை. அப்போ எனக்குச் சரியே ஆகாதா?"

முதல் மருந்திலேயே முழுதாகத் தேறுபவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். கேட்கவில்லை என்று முடிவுகட்டும் முன் பார்க்க வேண்டியவை: போதிய அளவில் குறைந்தது நான்கு வாரமாவது எடுத்தாரா, இடையில் எத்தனை நாள் விட்டுப்போனது, குடி இருக்கிறதா, தைராய்டு பார்த்தாயிற்றா, 19ஆம் கேள்வியில் வரும் நோயாக இருக்குமோ. எல்லாம் சரி என்றால் அளவைக் கூட்டலாம், வேறு மருந்துக்கு மாறலாம், லித்தியம் போன்ற துணை மருந்து சேர்க்கலாம், பேச்சுச் சிகிச்சையைச் சேர்க்கலாம்.

18. "ஷாக் வைக்கணும்னு சொல்றாங்க. அது கொடுமை இல்லையா?"

பழைய பெயர்தான் பயமுறுத்துகிறது. இது மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கும் ஈ.சி.டி. என்ற சிகிச்சை. 1938இல் ரோம் நகரில் தொடங்கியபோது மயக்கமருந்து இல்லாமல்தான் செய்தார்கள். இன்று மயக்கமருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும் வலிப்பை மூளையில் உண்டாக்குகிறார்கள். வாரம் இரண்டு மூன்று முறை, மொத்தம் 6 முதல் 12 தடவை. சாப்பாட்டை மறுப்பவர், நோயோடு மாயக்குரலும் கேட்பவர், தற்கொலை ஆபத்து அதிகமுள்ளவர் ஆகியோருக்கு இதைவிட விரைவாக வேலை செய்யும் வழி அரிது.

விலை நினைவுதான். சிகிச்சை நடந்த வாரங்களின் நினைவு மங்கும், பெரும்பாலோர்க்குத் தேறும், சிலருக்குச் சில பழைய நினைவுகள் திரும்புவதில்லை. இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தபின் மருந்தைத் தொடராவிட்டால் நோய் சீக்கிரம் திரும்பும்.

19. "மாத்திரை சாப்பிட்ட மூணாவது வாரம் திடீர்னு ரொம்ப உற்சாகமாயிட்டார். நல்லதுதானே?"

மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை, பேச்சு நிற்கவில்லை, பணம் தண்ணீராகப் போகிறது, புதுப்புதுத் திட்டம் என்றால் நல்லதல்ல. அது, தாழ்வுக் காலமும் அளவுமீறிய உற்சாகக் காலமும் மாறி மாறி வரும் இருமுனை நோயின் மறுமுனையாக இருக்கலாம். அந்த நோயில் தாழ்வுக் காலம் சாதாரண மனச்சோர்வு போலவே இருப்பதால் தவறாகக் கணிக்கப்படுவது உண்டு. அப்போது மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுமுனைக்குத் தள்ளிவிடலாம். மருத்துவரை உடனே அழையுங்கள். முன்பு எப்போதாவது நான்கு நாளுக்கு மேல் இப்படி இருந்ததா என்பதை வீட்டார்தான் சொல்ல முடியும். அந்த நாட்களை நோயாளி நோயாக நினைத்திருக்க மாட்டார்.

20. "அப்பாவுக்கு எழுபத்தி ரெண்டு வயசு. மறதி, யார்கூடவும் பேசறதில்லை. வயசாயிட்டா அப்படித்தானே?"

முதுமையில் மனச்சோர்வு இயல்பு அல்ல. அது மறதிநோய் வேஷத்தில் வரும். பொதுவாக, மறதிநோய் உள்ளவர் தவறான பதிலைச் சொல்லிச் சமாளிப்பார். மனச்சோர்வு உள்ளவர் முயலாமலே "தெரியலை" என்பார், மறதியைப் பற்றி மிகவும் கவலைப்படுவார். இரண்டும் சேர்ந்தும் வரும், ஆகவே பரிசோதித்தே சொல்ல வேண்டும். முதியவர்களுக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்து ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும்; தொடங்கிய சில வாரத்தில் புதிதாகக் குழப்பமோ தள்ளாட்டமோ வந்தால் சோடியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வலி மாத்திரையோ ரத்தம் உறையாமைக்கான மருந்தோ சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்தும் கூடும்.

21. "ஒரு தடவை வந்தா திரும்பத் திரும்ப வருமா?"

முதல் முறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. தடவைகள் கூடக்கூட வாய்ப்பும் கூடும். பலமுறை வந்தவர்களுக்கு எட்டு வாரம் நடக்கும் கவனத் தியானம் சார்ந்த சிகிச்சை மறுபடி வருவதைக் குறைக்கிறது.

நன்றாக இருக்கும்போதே ஒரு பட்டியல் எழுதுங்கள்: சென்ற முறை முதலில் மாறியது எது? அதிகாலை விழிப்பா, போனை எடுக்காததா, தலை வாராமல் விட்டதா? ஒவ்வொருவருக்கும் அது வேறு. பட்டியலின் ஒரு பிரதி கூட இருப்பவரிடம் இருக்கட்டும், மருத்துவரின் எண்ணையும் அதிலேயே எழுதுங்கள். அதில் இரண்டு சேர்ந்து ஒரு வாரம் நீடித்தால், 2ஆம் பதிலில் சொன்ன இரண்டு வாரம் ஆகட்டும் என்று பார்க்காமல் அழைப்பது என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அழைக்கும் பொறுப்பு கூட இருப்பவருடையதாக இருக்கட்டும்; அந்த நேரத்தில் நோயாளிக்குப் போனை எடுக்கத் தோன்றாது.